புல்கோகி வந்த வழி

1935-இல் பியோங்யாங் நகரத்தில் ஒரு தடை வந்தது. தேதோங் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் மொரான்பொங் குன்றின் பைன் தோப்பில் இனிமேல் திறந்தவெளியில் மாட்டுக்கறி சுடக் கூடாது. அந்தத் தோப்பில் மரத்தடியில் உட்கார்ந்து, கரியடுப்பு மூட்டி, கறியைச் சுடச்சுடத் தின்பது நகரத்துக்கே பேர்போன பொழுதுபோக்காக இருந்தது. அடுப்புப் புகையால் பைன் மரங்கள் பட்டுப்போகின்றன என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். சோலில் அச்சான தோங்-ஆ இல்போ நாளிதழ் இதைச் செய்தியாகப் போட்டது. தோப்பில் சுட்ட அந்தக் கறிக்குச் செய்தியில் கொடுத்திருந்த பெயர் புல்கோகி.

இன்று சோலில் ஒரு வீட்டிலோ, டோக்கியோவில் ஒரு கடையிலோ, சென்னைக்கு அருகே கார் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டிலோ புல்கோகி என்றால், காகிதம்போல் மெல்லியதாக அரிந்த மாட்டுக்கறி, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, எள்ளெண்ணெய், துருவிய பேரிக்காய். இவற்றைப் போட்டுப் பிசறி, ஊறவைத்து, சூடான கல்லில் புரட்டி எடுத்து, வெள்ளைச் சோற்றோடு தின்பது. இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வந்து சேர்ந்தது. இறைச்சி போதாத ஒரு நாடு, கிடைத்த கொஞ்சத்தை நிறையப் பேருக்கு நிறைவாக எப்படிப் பரிமாறியது என்பதற்கான கணக்கு கறியோடு சேரும் சாற்றில் இருக்கிறது. அந்தக் கணக்குக்காகத்தான் இந்தப் பண்டத்தின் பின்னால் போகிறேன்.

கொரிய உணவைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் கோகுர்யோ அரசிலிருந்து தொடங்கும். கி.பி. 668-இல் முடிந்துபோன அந்த அரசின் மக்கள், சுவையூட்டிய இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டார்கள், அதன் பெயர் மெக்ஜொக், அதுவே புல்கோகியின் மூதாதை என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குச்சிக்கும் இன்றைய கல்லுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பின்னால் வந்த கோர்யோ அரசில் பௌத்தம் ஓங்கியிருந்தது. உயிர்க்கொலையைத் தவிர்ப்பது அறமாக இருந்தது. 1123-இல் சீனத்தின் சோங் அரசவையிலிருந்து தூதுக்குழுவோடு வந்த ஷூ ஜிங், தான் கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். இந்த நாட்டவருக்கு விலங்கை அறுக்கும் பக்குவம் போதாது என்பது அவருடைய குறிப்புகளில் ஒன்று. கொரியாவுக்கு மாட்டுக்கறி மீண்டும் பழக்கமானது 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து, அதன் பின் நாட்டைத் தங்கள் மேலாண்மையில் வைத்திருந்த காலத்தில். கால்நடையோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அறுப்பதும் வேகவைப்பதும் அவர்களுக்கு அன்றாடம்.

1392-இல் தொடங்கிய ஜோசொன் அரசு பௌத்தத்தை ஒதுக்கிக் கன்பூசிய நெறியைக் கைக்கொண்டது. தட்டில் மாட்டுக்கறி வைப்பதற்கு மதத்தடை இல்லை. தடை வேறு திசையிலிருந்து வந்தது: ஏர் உழ மாடு வேண்டும். மாட்டை அறுத்தால் வயல் தரிசாகும், வரி குறையும். ஆகவே மாடறுக்கத் தடை விதித்து ஆணைமேல் ஆணை பிறந்தது. ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால் அதை யாரும் மதிக்கவில்லை என்று பொருள். கால் ஒடிந்துவிட்டது, இனி உழ உதவாது என்று சொல்லி அனுமதி வாங்கினால் அறுக்கலாம் என்ற வழி இருந்தது. கொரிய மாடுகளுக்கு அப்படி அடிக்கடி கால் ஒடிந்தது. தலைநகரில் சொங்க்யுங்வான் என்ற அரசு உயர்கல்விக் கூடத்தைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு மட்டும் கறிக்கடை வைக்கும் உரிமை தரப்பட்டிருந்தது. மாணவர்களுக்குக் கறி கொடுத்ததுபோக மீதியை அவர்கள் நகரத்துக்கு விற்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிக் கைக்கு வந்த கறி, கறிக்கென்று வளர்த்த இளங்கன்றின் கறி அல்ல. பல வருடம் ஏர் இழுத்து இறுகிப்போன மாடு. அதை மெல்ல முடிகிற பதத்துக்குக் கொண்டுவருவதே சமையல்காரர்முன் இருந்த கேள்வி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோங் மான்-சொன் தொகுத்த 'சல்லிம் கியோங்ஜே' என்ற நூல், வேளாண்மையும் வீட்டு வாழ்க்கையும் பற்றிய பெருந்தொகுப்பு. அதில் சொல்ஹாமியோக்ஜொக் என்ற பண்டத்துக்கு முறை இருக்கிறது. கறியைத் துண்டு போட்டு, கத்தியின் முதுகால் தட்டி நாரை நெகிழ்த்து, குச்சியில் கோத்து, எண்ணெயும் உப்பும் தடவி ஊறவிட வேண்டும். பிறகு மென்தணலில் சுட்டு, சட்டென்று தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி சுட வேண்டும். இப்படி மூன்று தடவை.

சூடான கறியைத் தண்ணீரில் முக்குவது முதலில் விபரீதமாகத் தோன்றும். யோசித்தால் அதில் சூட்சுமம் இருக்கிறது. மேற்பரப்பு கரிந்து இறுகுவதற்கு முன்பு அதைக் குளிரவைத்துவிட்டால், உள்ளே வேக்காடு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். இறுகிய மாட்டை வழிக்குக் கொண்டுவர, கத்தி முதுகு, எண்ணெய், தண்ணீர், பொறுமை ஆகிய நான்கை வைத்து ஒரு சமையலறை கண்ட விடை அது. சர்க்கரையும் பேரிக்காயும் அந்த வரிசையில் பின்னால் வந்து நின்றவை.

1849-இல் ஹோங் சொக்-மோ எழுதிய 'தோங்குக் செசிகி', கொரியர்களின் ஆண்டு முழுவதற்குமான வழக்கங்களைச் சொல்லும் நூல். குளிர் தொடங்கும் பத்தாம் மாதத்தில் சோல்வாசிகள் என்ன செய்வார்கள் என்று அது சொல்கிறது. கணப்பில் கரியை மூட்டி, மேலே சட்டி வைத்து, மாட்டுக்கறியை எண்ணெய், சோயா சாஸ், முட்டை, வெங்காயத்தாள், பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துச் சுட்டபடி சுற்றி உட்கார்ந்து தின்பார்களாம். இந்தக் கூடுகைக்கு நல்லோஹ்வே என்று பெயர். சோயா, பூண்டு, வெங்காயத்தாள் மூன்றும் அப்போதே உள்ளே வந்துவிட்டன. அதே நூற்றாண்டில் சோங் ஹ்யோப் வரைந்த ஓர் ஓவியத்தில் ஆடவர் சிலர் மரத்தடியில் நெருங்கி உட்கார்ந்து, கவிழ்த்த தொப்பி வடிவிலான இரும்புச் சட்டியில் கறி சுடுகிறார்கள். அரண்மனையிலும் பெரிய வீடுகளிலும் இதன் நாகரிக வடிவம் ஒன்று இருந்தது. பெயர் நொபியானி: அகலமாக, மெல்லியதாக அரிந்து, நாரைக் கத்தியால் கீறிவிட்டு, சோயாவில் பிசறிக் கம்பிவலையில் வாட்டியது.

சுற்றி உட்கார்ந்து தின்றவர்களைப் படத்தில் பார்க்கிறோம். அறுத்தவர்கள் படத்தில் இல்லை. ஜோசொன் சமூகத்தில் மாடறுப்பதும் தோல் பதனிடுவதும் பெக்ஜோங் என்ற பிரிவின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. ஊருக்கு வெளியே குடியிருப்பு. மற்றவரோடு மண உறவு கிடையாது. கல்யாணமான ஆண்மகன் மதிப்பாக வைத்துக்கொள்ளும் குதிரைமயிர்க் கறுப்புத் தொப்பியை அவர்கள் வைக்கக் கூடாது, மூங்கில் தொப்பிதான். சின்னப் பிள்ளைகூட அவர்களிடம் மரியாதையில்லாமல் பேசலாம். தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1894-இன் காபோ சீர்திருத்தம் சட்டப்படி இந்தத் தாழ்வை நீக்கியது. சட்டம் வந்தும் ஊர் மாறவில்லை. பெக்ஜோங் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1923-இல் தெற்கே ஜின்ஜு நகரத்தில் அவர்கள் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கி, சமமாக நடத்தப்படும் உரிமைக்காகப் போராடினார்கள். ஜின்ஜு மக்கள் இன்றும் அந்த இயக்கத்தைப் பெருமையோடு சொல்கிறார்கள். ஒரு நாட்டின் பெருமைக்குரிய உணவு என்று ஒன்றைக் கொண்டாடும்போது அதை எல்லோர் கைக்கும் எட்டவைத்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரிய உணவு பற்றிய பளபளப்பான புத்தகங்கள் பலவற்றில் இந்தப் பக்கம் இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. வலுவும் சாதுத்தனமும் கொண்ட கொரிய மாட்டின்மேல் ஜப்பானியருக்குக் கண் இருந்தது. உழவுக்கும் கறிக்கும் தோலுக்கும் கப்பல் கப்பலாக மாடுகள் போயின. 1938-இல் கொரிய மாடு என்றால் செவலை நிறம்தான் என்று தர அளவுகோல் வகுத்தார்கள். அதனால் கறுப்பு மாடுகளும் வரிவரியாக இருந்த சிக்சோ மாடுகளும் அருகிப்போயின. இன்று ஹான்வூ என்று விலையேற்றி விற்கும் கொரிய மாட்டுக்கறி விளம்பரத்தில் செவலை மாடு மட்டும் நிற்பதற்குப் பின்னால் அந்த அளவுகோலின் கை இருக்கிறது. அச்செழுத்தில் புல்கோகி என்ற பெயர் தலைகாட்டுவதும் இந்தக் காலத்தில்தான். 1922-இல் ஹ்யோன் ஜின்-கோன் எழுதிய ஒரு கதையில் அது வருகிறது. அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் பியோங்யாங் பைன் தோப்பு புகையால் நிறைந்தது.

பிறகு நாடு இரண்டானது. 1950-இல் தொடங்கிய போர் மூன்று வருடம் நடந்தது. வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். தங்கள் ஊர்ச் சாப்பாட்டையும் கொண்டுவந்தார்கள். பியோங்யாங்கின் குளிர்ந்த நூடுல்ஸும் புல்கோகியும் சோலின் கடைத்தெருவில் வேர் பிடித்தன. 1946-இல் பியோங்யாங்காரர்கள் தொடங்கிய வூரேயோக் என்ற உணவகம் இன்றும் நடக்கிறது. சோலின் ஜோங்னோ பகுதியில் 1939-இல் தொடங்கி, விடுதலைக்குப் பின் ஹானில்குவான் என்று பெயர் மாற்றிக்கொண்ட கடைதான் சோல் பாணிப் புல்கோகிக்கு முகமானது.

சோல் பாணியின் உயிர் அதன் சட்டியில் இருக்கிறது. பித்தளையில் செய்தது. நடுவில் குவிமாடமாக மேடு. மேடு முழுக்கச் சின்னச்சின்னத் துளைகள். மேட்டைச் சுற்றி விளிம்போரமாக ஒரு வாய்க்கால். மேசை நடுவே அடுப்பில் இதை வைத்து, பிசறிய கறியை மேட்டின்மேல் பரப்புவார்கள். வாய்க்காலில் எலும்புச் சாற்றையோ வெறும் தண்ணீரையோ ஊற்றுவார்கள். துளை வழியே வரும் சூட்டில் கறி வாடும். அதிலிருந்து வடியும் இனிப்பும் உப்பும் கொழுப்பும் சரிவில் இறங்கி வாய்க்காலில் சேரும். அந்த வாய்க்காலில் சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸ், காளான், வெங்காயத்தாள் எல்லாம் வேகும். கறி தீர்ந்தபின் வாய்க்காலில் நிற்கும் சாற்றைக் கரண்டியால் மொண்டு சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். சோல் கடைக்குப் போகும் வயதானவர்கள் பலர் கறியைவிட இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

கம்பிவலையில் சுடும்போது கொழுப்பும் சாறும் கரியில் சொட்டிப் புகையாகப் போய்விடும். பியோங்யாங் பைன் மரங்களை வாட்டியது அந்த வீணான சாறுதான். கறிக்குத் தட்டுப்பாடான போர்க்கால, போருக்குப் பிந்தைய சோலில் ஒரு சொட்டையும் தீக்குக் கொடுக்காத சட்டி வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கையளவு கறியின் ருசியை ஒரு குடும்பத்தின் சோறு முழுவதற்கும் பரப்பித் தந்தது அந்த வாய்க்கால். புல்கோகி சுட்ட கறியாக இருந்தது போய், சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் கறியாக மாறிய இடம் இதுதான். இதன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை.

இனிப்பும் இந்தக் காலத்தில்தான் கூடியது. 1953-இல் லீ பியோங்-சுல் பூசானில் செயில் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். பின்னாளில் சாம்சங் என்று உலகம் அறிந்த குழுமத்தின் தொடக்ககாலத் தொழில்களில் ஒன்று அது. இறக்குமதியாகிக் கைக்கெட்டாத விலையில் விற்ற சர்க்கரை, உள்ளூரிலேயே கிடைத்தது. கொரியர்கள் அப்போது பண்டிகைக்குச் சர்க்கரை மூட்டையைப் பரிசாகக் கொடுப்பார்கள். மதிப்புக்குரிய விருந்தாளிக்கு வைக்கும் கறியில் மதிப்புக்குரிய சர்க்கரை விழுந்தது இயல்பு. 1946-இல் தொடங்கிய செம்ப்யோ போன்ற நிறுவனங்கள் சோயா சாஸை வீட்டுப் பானையிலிருந்து கடைப் போத்தலுக்குக் கொண்டுவந்தன. வீட்டில் புளிக்கவைத்த சோயா சாறு உப்புக் கரிக்கும். ஆலைச் சாஸ் மட்டாக, சற்று இனிப்பாக இருக்கும். இன்று நாம் அறிந்த புல்கோகி ருசி அந்தப் போத்தலும் சர்க்கரையும் சேர்ந்தது.

கறிக்குத்தான் தட்டுப்பாடு, சோறு தாராளம் என்று நினைத்துவிடக் கூடாது. அரிசியும் போதவில்லை. 1969 முதல் புதன், சனிக்கிழமைகளில் உணவகங்களில் அரிசிச் சோறு பரிமாறக் கூடாது என்று அரசு விதி போட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அரிசியோடு பார்லி கலந்திருக்கிறதா என்று ஆசிரியர்கள் பார்த்தார்கள். 1976-இல் சோல் நகராட்சி உணவகச் சோற்றுக் கிண்ணத்துக்கே அளவு வகுத்தது: விட்டம் 10.5 செ.மீ., உயரம் 6 செ.மீ. கொரியக் கடைகளில் இன்றும் மூடிபோட்டு வரும் அந்த எவர்சில்வர் கிண்ணம் அரிசிப் பஞ்சத்தின் பிள்ளை.

பஞ்சம் தீர்ந்த கதையில் நமக்கும் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோ முன்-ஹ்வே பிலிப்பைன்ஸிலிருக்கும் சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கிய தோங்கில் நெல், கொரியர் உண்ணும் குட்டை அரிசி இனத்தையும் நம் பக்கத்து நெட்டை அரிசி இனத்தையும் கலந்தது. அதன் பெற்றோரில் ஒன்று ஐ.ஆர். 8. தமிழக விவசாயிகள் ஐ.ஆர். எட்டு என்று சொல்லி, 1960-களின் கடைசியில் தங்கள் வயலில் நட்ட அதே ரகம். தஞ்சாவூர், வடஆற்காடு வயல்களில் விளைச்சலைக் கூட்டிய நெல்லின் ரத்தம் கொரிய வயலிலும் ஓடியது. 1970-களின் நடுவில் கொரியா தன் அரிசித் தேவையைத் தானே பூர்த்தி செய்தது. ஆனாலும் தோங்கில் சோறு ஒட்டாமல் பொலபொலவென்று இருக்கிறது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். சாற்றைப் பிடித்துக்கொண்டு சாப்ஸ்டிக்கில் கட்டியாக வரும் சோறுதான் அவர்களுக்குச் சோறு. கையில் காசு சேர்ந்ததும் பழைய குட்டை அரிசிக்கே திரும்பினார்கள். தோங்கில் வயலைவிட்டே போய்விட்டது.

கிராமப்புறங்களில் புல்கோகி சோல் பாணியில் நனையவில்லை. தென்கிழக்கில் ஒன்யாங்கில் கறியைக் கொத்தி, வலையில் அழுத்திச் சுடுவார்கள். 1970-இல் திறந்த சோல்–பூசான் நெடுஞ்சாலையைப் போடவந்த தொழிலாளிகள் வழியாக ஒன்யாங்கின் பேர் நாடு முழுக்கப் பரவியது. தெற்கே குவாங்யாங்கில் பிசறியவுடன் செம்புவலையில் போட்டுக் கரியில் வாட்டி எடுப்பார்கள். இரண்டிலும் சாறு கிடையாது.

1970-கள் வரை ஒரு நடுத்தரக் கொரியக் குடும்பத்துக்குப் புல்கோகி என்றால் சம்பள நாள், பட்டமளிப்பு நாள், விருந்தாளி வந்த நாள். 1980-களில் வசதி பெருகியதும் மக்கள் எலும்போடு கூடிய கல்பிக்குப் போனார்கள். பின்னர் அன்றாடச் சுடுகறியின் இடத்தைப் பன்றியின் வயிற்றுக்கறி பிடித்தது. உணவகத்தில் மதிப்பிழந்த புல்கோகி வேறு வேடங்களில் எங்கும் நுழைந்தது. 1992-இல் லோட்டேரியா கடைகள் புல்கோகி பர்கரைக் கொண்டுவந்தன. 1997-இல் மெக்டொனால்ட்ஸும் அதே வழிக்கு வந்தது. பர்கரில் கறி அரைத்த கறியாகிவிட்டது, தீயும் இல்லை. அந்த இனிப்புச் சோயா ருசி ஒன்றே புல்கோகி என்று சொல்லப் போதுமானதாக இருந்தது. அதன்பின் பீட்சாவிலும் முக்கோணச் சோற்றுக்கட்டியிலும் கோப்பைச் சோற்றிலும் அந்த ருசியே ஏறியது.

கடல் கடந்ததும் சாறுதான். பிழைப்புக்காகவும் கட்டாய வேலைக்காகவும் ஜப்பான் போன கொரியர்கள், போருக்குப் பின் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் சுடுகறிக் கடைகள் போட்டார்கள். யாகினிகு என்று ஜப்பான் முழுக்கப் பேர்வாங்கிய உணவு இப்படித் தொடங்கியது. 1968-இல் எபாரா நிறுவனம் சுடுகறிக்கான சாஸைப் போத்தலில் அடைத்து விற்றபோது, அதன்மேல் கொரிய பாணி என்று அச்சிட்டிருந்தது. கொரியரை இழிவாகப் பார்த்த ஒரு சமூகத்தின் வீட்டு அடுப்பங்கரைக்குள் கொரியரின் கைப்பக்குவம் அந்தப் போத்தலில் போய்ச் சேர்ந்தது. 1965-க்குப் பின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் கொரியர் தெருக்கள் வளர்ந்தன. 2008 நவம்பரில் ராய் சோய் சமையலில் கோகி என்ற வண்டி அந்த ஊர்த் தெருக்களில் ஓடியது. பிசறிச் சுட்ட மாட்டு விலாக்கறியை மக்காச்சோள ரொட்டியில் மடித்து, கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்துத் தந்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று டுவிட்டரில் பார்த்து, மக்கள் நள்ளிரவிலும் வரிசையில் நின்றார்கள்.

சென்னைக்கு இது ஹூண்டாய் வழியாக வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் கொரியக் குடும்பங்கள் நகரத்தில் குடியேறின. அவர்களுக்கென்று உணவகங்களும் மளிகைக் கடைகளும் வந்தன. முதலில் கொரியர் மட்டும் போன அந்தக் கடைகளில் இன்று கொரியத் தொடர் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் செய்துதரச் சொல்கிறார்கள். செய்யலாம், சிரமம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்யும்போது நான்கைந்து இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது கறி. மாட்டுக்கறிக் கடையில் குழம்புக்கு வெட்டுவதுபோல் வெட்டித் தந்துவிடுவார்கள். அண்டர்கட் அரைக்கிலோ வேண்டும், வெட்டாமல் ஒரே துண்டாகத் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அதை உறைபெட்டியில் ஒரு மணிநேரம் போல வைத்தால் பாதி இறுகும். அப்போது கூரான கத்தியால் நாருக்குக் குறுக்கே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரியலாம். நாரோட்டத்திலேயே அரிந்தால் எவ்வளவு ஊறினாலும் சவைக்கும். அரிந்ததும் துணியிலோ தாளிலோ ஒற்றி ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். இதைக் கொரிய வீட்டுப் பெண்கள் ஒருபோதும் விடமாட்டார்கள். விட்டால் சாறு கலங்கி, வாடை அடிக்கும்.

அரைக்கிலோவுக்கு சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு, தட்டிய பூண்டு ஆறு பல், பாதி வெங்காயமும் பாதிப் பேரிக்காயும் துருவியது, மிளகுத்தூள், அரிந்த வெங்காயத்தாள். கெட்டியாகக் கறுத்திருக்கும் சீன சாஸ் வேண்டாம். நீர்த்த, இயற்கையாகப் புளிக்கவைத்த சாஸ் போதும். கொரியப் பேரிக்காய் இங்கே தேடியலைய வேண்டியதில்லை; ஊட்டி, கொடைக்கானல் பேரிக்காய் நன்றாக ஒத்துப்போகும். பேரியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. மட்டான வேகத்தில் வேலை செய்யும். நம் பிரியாணிக்காரர்கள் ஆட்டுக்கறியில் தடவும் பப்பாளிக்காயிலும் அதே வகை நொதிதான். ஆனால் அது வேகமானது, இவ்வளவு மெல்லிய கறியை மாவாக்கிவிடும். கிவிப் பழமும் அப்படியே. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு கரண்டி போட்டு அரைமணியில் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

பெரிய கோளாறு எண்ணெயில் வரும். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. பழுப்பு நிறம், வாசம் அறை முழுக்க எழும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில், கருப்பட்டி போட்டு ஆட்டியது. இரண்டும் எள்தானே என்று மாற்றி ஊற்றினால் தின்பது புல்கோகியாக இருக்காது. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால், வெறும் கடலை எண்ணெய் ஒரு கரண்டியும், பொன்னிறமாக வறுத்துப் பொடித்த வெள்ளை எள் தாராளமாகவும் போடலாம். எண்ணெயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலில் சர்க்கரையும் பேரிக்காயும், பிறகு சோயா, எல்லாம் கறியில் இறங்கியபின் எண்ணெய். கரண்டி வேண்டாம், விரல்களால் பிசற வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, இரு பக்கமும் சாறு பூசிக்கொள்வது கையில் தெரியும். கிண்ணத்தின் அடியில் தேங்கிய சாறு கொஞ்ச நேரத்தில் குறைந்து, கறி பளபளக்கும். ஒரு மணிநேரம் ஊறினால் போதும்.

சோறு குட்டை அரிசியில் வடிப்பது நல்லது. சூப்பர் மார்க்கெட்டில் இப்போது கிடைக்கிறது. கழுவி, அரைமணி ஊறவைத்து, அரிசிக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, வெந்தபின் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். இல்லையென்றால் பொன்னிப் பச்சரிசியை ஒரு விசில் குழைய விடலாம். சீரக சம்பா வேண்டாம். அதன் வாசம் எள் வாசத்தோடு மல்லுக்கு நிற்கும்.

வீட்டில் இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதைவிட நல்ல சட்டி தேவையில்லை. நன்றாகக் காய்ந்தபின் கறியைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட வேண்டும்; மொத்தமாகக் கொட்டினால் கல் ஆறி, கறி தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் ஓரம் கருகி இனிப்பு மணக்கும்போது எடுத்துவிடலாம். கறியெல்லாம் எடுத்தபின், கிண்ணத்தில் மிஞ்சிய ஊறல் சாற்றோடு ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்து, குழிவான வாணலியில் காளானும் அரிந்த வெங்காயமும் போட்டுக் கொதிக்கவிட்டு, கறியைத் திரும்பப் போட்டுப் புரட்டினால் சோல் சட்டியின் வாய்க்கால் சாறு கிடைத்துவிடும். பச்சைக்கறி ஊறிய சாறு என்பதால் அதை நன்றாகக் கொதிக்கவிட்டே ஆக வேண்டும். சுடுசோற்றின்மேல் கறியை அடுக்கி, சாற்றை ஊற்றி, தொட்டுக்கொள்ளக் கீரையிலையும் பச்சைமிளகாயும் பூண்டுத் துண்டும் வைத்துப் பரிமாறலாம்.

மிச்சமிருந்தால் இரவே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் கறியைப் பொடியாக நறுக்கி, சாற்றைச் சுண்டவிட்டு, பழைய சோற்றை அதில் போட்டுக் கரண்டியால் அழுத்திப் பரப்பி, அடி லேசாகப் பிடிக்கும்வரை கிளறாமல் விடுவார்கள் கொரியர்கள். மேலே வறுத்த கடற்பாசித் தாளை நொறுக்கித் தூவுவார்கள். அரைக்கிலோ கறியில் நான்கு பேருக்கு ஓர் இரவுச் சாப்பாடும், அதில் இரண்டு பேருக்கு மறுநாள் மதியச் சாப்பாடும் தாராளமாக ஆகும்.